சின்னாக்கள்

முனாபின் வலது காலில் மட்டும் சப்பாத்து இருந்தது. நாடாவில் இரட்டை முடிச்சு. அவர் மனைவி நஸ்லியா கட்டிலின் கால்மாட்டில் குந்தி அதை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தை விட்டு நெம்பினாள். இடது கால் சப்பாத்து வாசற்படியில் கிடந்தது.

டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து, நடக்கப் போவதற்காக வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த மனிதர். ஒரு சப்பாத்தைப் போட்டுக் கட்டி, மற்றதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்திருந்தார். அவள் அபாயாவை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“கத்தரிக்கோல் தரட்டா உம்மா?” என்றாள் மகள் றிபா.

“வேணா.”

முடிச்சு அவிழ்ந்தது. சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

யன்னலில் வைத்திருந்த முனாபின் போன் வெளிச்சம் போட்டது. ஆறு மணி. திரையில் இருபத்துமூன்று சின்ன உருவங்கள் வரிசையாக நின்று கையசைத்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இலை.

றிபா அதை அணைக்கப் போனாள்.

“கிடக்கட்டும்” என்றாள் நஸ்லியா.

முனாபுக்குச் சீனி வருத்தம் வந்து நாலு வருடம். நடக்கச் சொல்லி டொக்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் ஏசினார். முனாப் தலையாட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். போன வருடம் கம்பஸ் விடுமுறைக்கு வந்த றிபா இந்த விளையாட்டை அவருடைய போனில் போட்டுக்கொடுத்தாள்.

போனை வைத்துக்கொண்டு நடந்தால், நடந்த தெருவெல்லாம் திரையில் இருக்கும் ஊர்ப்படத்தில் நிறம் பிடிக்கும். நடக்காத இடம் சாம்பலாகக் கிடக்கும். நிறம் பிடித்த இடத்தில் ஒரு பழமோ பூவோ விதையோ தோன்றும். அதை எடுத்துவரச் சின்ன உருவங்களை அனுப்ப வேண்டும். பூசணிக்காய்க்கு ஏழு பேர். விதைக்கு ஒருவர் போதும். தூரத்துக்கு ஏற்ப நேரம் எடுக்கும். எல்லோரையும் ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டால் அடுத்ததை எடுக்க ஆள் இராது.

முனாப் சம்மாந்துறை அரிசி ஆலையில் முப்பது வருடம் இருந்தவர். மூட்டை ஏற்றுபவர்களை லொறிக்கு லொறி பிரித்து அனுப்புவது அவருடைய வேலை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இது நம்மட வேலைதானே புள்ள” என்றார்.

மறுநாள் காலையிலேயே நடந்தார். ஒரு கிழமை கழித்து நஸ்லியாவும் கூடப் போனாள். அந்த உருவங்களுக்கு அவர் வைத்த பெயர் சின்னாக்கள், சின்ன ஆட்கள். ஒரு விதைக்குக்கூட அவர் இரண்டு பேரை அனுப்புவதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

“ஒராள் போனாக் காணும் எண்டு அதில எழுதிரிக்கே.”

“தனிய விடாத நஸ்லியா. ஒராள் சுமக்க, மற்றாள் கதைச்சிக்கிட்டு வர.”

ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. பாதிப் பேர் ஆலை ஆட்கள். நடையில் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிற, வழியில் நின்று நின்று வருகிற ஒன்றுக்கு மிஹ்லார் என்று வைத்தார். மிஹ்லார் அவளுடைய தம்பி. கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தான். நாலு வீடு தள்ளியுள்ள பள்ளிவாசலுக்கும் மோட்டர் சைக்கிளில் போகிறவன். எடுத்ததைக் கீழே வைக்காமல் கொண்டுவந்து சேர்க்கிற ஒன்றுக்கு நஸ்லியா என்று வைத்தார்.

“ஒங்கட பேர் எங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நான் ஆள் பிரிக்கிறவன். பேர் வெச்சா என்னையும் தூக்க விட்டிருவாய்.”

மிஹ்லார் வந்தபோது ஏழு மணி. மோட்டர் சைக்கிளை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்தான். முனாபின் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் கை வைத்தான். பிறகு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

“ராத்தா, லுஹர் தொழுதிட்டு எடுக்கிற. பள்ளியில அறிவிக்கச் சொல்லிட்டன். கபன் புடவை வருது. குழியும் வெட்டச் சொல்லியாச்சி.”

“எந்தப் பக்கம்?”

“கடல் பக்கம், மதிலோரம். நம்மட வாப்பாட கபுறுக்கு ஏழெட்டுக் கபுறு தள்ளி.”

நஸ்லியா தலையாட்டினாள். வாப்பாவின் கபுறையும் அவள் கண்டதில்லை. அடக்கம் செய்யும் மையவாடிக்கு ஊரில் பெண்கள் போவதில்லை. அவளுக்குத் தெரிந்தது அந்த மதிலின் வெளிப்புறம் மட்டும்தான். காலையில் நடக்கும்போது மதில் மூலை வரைக்கும் போய்த் திரும்புவார்கள். ஊர்ப்படத்தில் அதுவரை பச்சை. உள்ளே சாம்பல்.

“நீங்க உள்ளுக்குப் போய் ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க. நான் இதில நிக்கிறன்” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

“நீ வரேலாத இடத்துக்கு நான் மட்டும் என்னத்துக்கு?” என்றார் முனாப்.

வீடு நிரம்பிவிட்டது. பெண்கள் கூடத்துக்குள் இருந்து யாஸீன் ஓதினார்கள். முற்றத்தில் மறைப்புக்குப் படங்கு இழுத்துக் கட்டி முனாபைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் விழும் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. கபன் இட்டு முடிந்ததும் மிஹ்லார் அவளைக் கூட்டிப்போக வந்தான். சட்டைக் கை முழுவதும் நனைந்திருந்தது.

“கடைசியா முகம் பாருங்க ராத்தா.”

பார்த்தாள். மூக்கில் கண்ணாடி இருந்த தடம் அப்படியே இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் யன்னலிலிருந்து போனை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

“இதப் பொக்கட்டுக்குள்ள வெச்சிட்டுப் போ.”

“என்னத்துக்கு?”

“மையவாடிக்கு உள்ள போனதும் பச்சைப் புள்ளி ஒண்டு வரும். அதத் தொட்டா யார அனுப்புற எண்டு கேட்கும். ரெண்டு பேர அனுப்பி உடு. தனிய விடாத.”

மிஹ்லாருக்கு விளங்க நேரம் எடுத்தது.

“அந்தக் கேமையா சொல்றீங்க?”

“ஓம்.”

“ஜனாஸாவோட கேம் கொண்டு போறதா ராத்தா?”

“சத்தம் போடாது. பொக்கட்டுக்குள்ள கிடந்தாக் காணும்.”

“சத்தத்தச் சொல்லல்ல. மச்சானே எந்த ஜனாஸாவுக்கும் போன் கொண்டு போறல்ல. வீட்டில வெச்சிட்டுத்தான் வருவாரு.”

அது உண்மை. நஸ்லியா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் சரிசெய்தாள்.

“ஒரு வருசமா ஒரு நாளும் அவரு தனிய நடக்கல்ல” என்றாள்.

மிஹ்லார் நனைந்த சட்டைக் கையைப் பிழிந்தான். வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

“சனம் பார்த்துக்கிட்டு நிக்கிது” என்றான். போனை வாங்கவில்லை.

அவள் அதைத் திரும்ப யன்னலில் வைத்தாள்.

முனாபை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். றிபா உம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு போகும் சத்தம் ஒழுங்கையில் நடந்தது. பிறகு பள்ளி வீதியில். அதற்குப் பிறகு அது கலிமாவா, கடலா என்று தெரியவில்லை.

நஸ்லியா அறைக்குள் போனாள். கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். யன்னலைப் பார்த்தாள். போன் இல்லை.

“றிபா, வாப்பாட போன எடுத்தியா?”

“இல்லையே உம்மா.”

நஸ்லியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு ஸாலிஹா சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். பெண்கள் இத்தாவைப் பற்றிக் கதைத்தார்கள். நஸ்லியா நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது. யார் சந்தைக்குப் போவது, யார் துணைக்குப் படுப்பது, றிபா கம்பஸை எத்தனை நாள் விடலாம். நஸ்லியா கேட்டுக்கொண்டிருந்தாள். சோற்றில் இரண்டு வாய் வைத்தாள்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு மிஹ்லார் வந்தான். சாரன் ஓரத்தில் ஈர மணல் ஒட்டியிருந்தது. போனை யன்னலில் குப்புற வைத்துவிட்டுக் கதவோரம் கதிரையில் உட்கார்ந்தான்.

“அடக்கம் நல்லபடியா முடிஞ்சிது. மழை வரும் எண்டு பயந்த. வரல்ல.”

“சனமா?”

“நல்ல சனம். மில்லுக்காரர் ரெண்டு லொறியில வந்த. சொறிக்கல்முனையில இருந்து நெல்லுக் கொண்டு வாற வேதக்கார ஆக்களும் வந்து மதிலுக்கு வெளிய நிண்டாங்க.”

“மண் எப்பிடி?”

“மணல்தான். தோண்டத் தோண்ட ஈரம். கடல் சத்தம் கேட்குது.”

“மரம் இரிக்கா?”

“ஒரு வேம்பு இரிக்கி. பின்னேரம் நிழல் விழும்.”

மிஹ்லார் சாரனில் இருந்த மணலைத் தட்டினான். எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான்.

“ராத்தா.”

“ம்.”

“கடைசியா நிக்கிற அந்தச் சோம்பேறிக்கு எண்ட பேரா வெச்சிரிக்காரு மச்சான்?”

றிபா குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நஸ்லியாவின் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது முடியும் வரைக்கும் மிஹ்லார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னோட ஒரு வார்த்தை சொல்லல்ல மனிசன்” என்றான். “அவ்வளவு தூரம் என்னையும் தூக்கித் திரிஞ்சிரிக்காரு.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு நஸ்லியா போனைத் திருப்பினாள்.

மதில் மூலைக்கு அப்பால் சாம்பல் இல்லை. மையவாடி வாசலில் தொடங்கி உள்ளே ஒரு பச்சைக்கோடு போய், மதிலோரம் திரும்பி, ஓரிடத்தில் பெரிய வட்டமாக நின்றது. அவன் அந்த இடத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறான்.

அங்கிருந்து இரண்டு சின்னாக்கள் புறப்பட்டு வீதிக்கு வந்திருந்தன. வந்து சேர இன்னும் இருபது நிமிடம் என்று எழுதியிருந்தது. அவள் விரலால் பெரிதாக்கினாள். முன்னால் வந்ததன் தலையில் ஒரு விதை. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கையை வீசிக்கொண்டு மற்றது.

மீன்வாடியைக் கடந்தன. பாடசாலை மதிலைக் கடந்தன. பின்னால் வந்தது பள்ளிச் சந்தியில் ஒருதரம் நின்றது. முன்னால் போனதும் நின்று அதற்காகக் காத்திருந்தது.

அவற்றின் மேலே பெயர்கள் தெரிந்தன. விதையைச் சுமந்து வந்தது நஸ்லியா. கூட வந்தது மிஹ்லார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கதவுப் பிணைச்சலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது தேஞ்சிட்டு. நாளைக்குக் கடையிலருந்து ஒண்டு கொண்டாறன்” என்றான்.

இரண்டும் ஒழுங்கைக்குள் திரும்பி வீட்டு வாசலுக்கு வந்தன. விதையை இறக்கின. றிபா எட்டிப் பார்த்தாள்.

“இத நடணும் உம்மா. மூவாயிரம் அடி நடந்தா முளைக்கும். புதுச் சின்னாள் ஒண்டு வரும்.”

நஸ்லியா வாசலைப் பார்த்தாள்.

“நான் நடக்கிறன்” என்றாள் றிபா.

“நீ இண்டைக்கோ நாளைக்கோ கம்பஸ் போற ஆள். பொறகு?”

“எத்தின அடி?” என்றான் மிஹ்லார்.

“மூவாயிரம், மாமா.”

“அது எவ்வளவு தூரம் வரும்?”

“இஞ்ச இருந்து மையவாடி மூலைக்குப் போய் வாற தூரம்.”

மிஹ்லார் யோசித்தான்.

“மோட்டர் சைக்கிள்ள போனா?”

“எண்ணாது மாமா.”

“மெள்ளமாப் போனா?”

“எண்ணாது.”

அவன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு நஸ்லியா யன்னலில் நின்றாள். மிஹ்லார் நடந்து வந்தான். காலில் புதுச் சப்பாத்து, நாடாவில் கடை மடிப்புக்கூடப் போகவில்லை. கேற்றில் நின்று உள்ளே பார்த்தான்.

“எந்தப் பக்கத்தால?”

அவள் கையைக் காட்டினாள். அவன் கடற்கரைப் பக்கம் நடந்தான். ஒழுங்கை முடக்கில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் நடந்தான்.

அவள் வாசற்படியில் கிடந்த இடது கால் சப்பாத்தை எடுத்தாள். வலதின் பக்கத்தில் சோடியாக வைத்தாள். குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். நேற்று வந்தவர்களின் கோப்பைகள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நிறைந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

கடைசிக் கோப்பையைக் கழுவும்போது கேற் சத்தம் கேட்டது. மிஹ்லாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குசினி வாசலில் வந்து நின்று போனை நீட்டினான்.

“முளைச்சிட்டு ராத்தா” என்றான். “பேர் கேட்குது.”

திரையில் மண்ணை விலக்கிக்கொண்டு ஒரு தலை தெரிந்தது. அதில் இரண்டு சின்ன இலை. கீழே வெறும் கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது.

மிஹ்லார் முற்றத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நிலையில் சாய்ந்து, சப்பாத்தின் நாடாவைத் தளர்த்தினான்.

நஸ்லியா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். இரண்டு பக்கமும் துடைத்தாள். பிறகு போனை வாங்கினாள்.