கைராசி

மனிதகுலம் புற்றுநோயை வென்ற நாள் எது என்று வருங்காலம் கேட்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு எதிர்த்த அறையில் என்று பேராசிரியர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். வருங்காலம் இன்னும் கேட்கவில்லை.

கட்டி வளரவிடாமல் காவல் காக்கும் மரபணு ஒன்று நம் செல்களில் உண்டு. புற்றுநோய் செல்லில் அந்தக் காவல்காரன் குறட்டை விடுவான். ஒரு கீமோ மருந்து அவனைத் தட்டி எழுப்புகிறது என்பது பேராசிரியரின் கண்டுபிடிப்பு. எழுந்தவன் உண்டாக்கும் புரதம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் கறுப்புக் கோடாகத் தெரியுமாம். மருந்து கூடக் கூடக் கோடும் தடித்தது.

ஆய்வு மாணவி தனியே செய்தால் மட்டும் கோடு வராது.

"உனக்குக் கைராசி இல்லம்மா," என்பார் பேராசிரியர், தாலி கட்டாத குறையாகத் தன் கையைத் தானே ரசித்துக்கொண்டு.

அவளுடைய நாலு வருஷ உழைப்பு ஒரே வரியில் நின்றது: இந்தச் செல்களில் மருந்து மரபணுவை எழுப்பவில்லை. அந்த ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். மூன்று மாதமாகப் போடவில்லை. "முடிவை மாத்திட்டு வா. அப்புறம் பேனாவைத் தொடறேன்."

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. மருந்து போடாத மாதிரிகளை ஜெல்லில் ஏற்றுவது மாணவி. மருந்து போட்டவற்றை ஏற்றும் பாக்கியம் பேராசிரியருக்கு மட்டும். எல்லோரும் தலைக்குத் தொப்பி போட வேண்டும், அவரைத் தவிர. சாயம் பூசிச் சீவிய தலை கலைந்துவிடுமே! மருந்து அதிகமான மாதிரி என்றால் பக்தி முற்றி இன்னும் கொஞ்சம் நேரம் அதன்மேல் குனிந்திருப்பார்.

"சாரைத் தொப்பி போடச் சொல்லுங்கக்கா," என்றாள் மாணவி ஒருநாள், கூடத்தின் மூத்த டெக்னீஷியனிடம்.

"பூனைக்கு மணி கட்ட நான்தான் கிடைச்சேனா? நீயே கட்டு தாயே!"

கட்டியது, பேராசிரியர் கட்டுரை அனுப்பியிருந்த ஆய்விதழ். ஜெல்லிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை வெட்டி, அது என்ன புரதம் என்று வெளியே சோதித்து அனுப்பச் சொன்னது. கண்டுபிடிப்புக்காகப் பேராசிரியருக்குப் பாராட்டு விழா எடுத்த நாளன்று காலை அறிக்கை வந்தது. மாணவி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேராசிரியர் கண்ணாடி முன் சீப்போடு நின்றார்.

"சார், மேடை ஏறுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க."

"புரதம் இருக்குன்னு போட்டிருக்கா, இல்லையா?"

"நிறைய இருக்கு சார். ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கொண்டா, திரையிலேயே போடறேன். ஊரே பார்க்கட்டும்."

ஊரே பார்த்தது. திரையில் ஆளுயர எழுத்தில் நின்றது: கெரட்டின். மனிதத் தோல், முடியில் உள்ள புரதம். காவல்காரனின் புரதம் இல்லை.

முன்வரிசைத் தோல் மருத்துவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இது நம்ம கேஸ் ஆச்சேய்யா. புற்றுநோய்க்காரங்க எதுக்கு இத்தனை வருஷம் கஷ்டப்பட்டாங்க?"

மாலையில் பேராசிரியர் ஆய்வேட்டை வாங்கினார். படிக்கவில்லை, அந்த வழக்கம் அவருக்கு இல்லை. குனிந்து கையெழுத்துப் போட்டார். மாணவி தாளை எடுத்து ஒருமுறை ஊதினாள்.

கையெழுத்தின் மேல் பொடுகு விழுந்திருந்தது.