கோலத்துக்குப் பின்பக்கம்

எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பெயர் 'கைவிசிறி'. ஆசிரியர் நான், ஓவியர் என் தோழி பொன்னழகு, அச்சகம் எங்கள் வீட்டுக் கூடம். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. நாகல் நகரில் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் என் அப்பாவிடம் வரும். வெங்காய மண்டியிலிருந்து திரும்பியதும் கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பார். பின்னால் விட்டிருக்கும் வெற்றுப் பக்கத்தில் அபிப்பிராயமும் எழுதுவார்.

அந்த மார்கழி இதழை அவர் ஒருவருக்காகவே எழுதினேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், வாத்தியார் வேலைக்கு ட்ரெயினிங் சேர ஆசை. அப்பாவோ எரியோட்டில் கிணறும் தோட்டமுமாக ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். அவரிடம் பேசப் போனால், "அம்மாகிட்டச் சொல்லு" என்பார். அம்மாவிடம் போனால், "அப்பாகிட்டச் சொல்லு" என்பாள். நான் என்ன பந்தா? அதனால்தான் கதையாக எழுதினேன். கதையில் வசந்தாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "சம்மதமா?" என்று அவளுடைய அப்பா கேட்கிறார். பக்கத்தின் கடைசி வரியில் வசந்தா தலையைக் குனிகிறாள். அடுத்த தாளில் நிமிர்ந்து, கல்யாணம் வேண்டாம், படிக்க வேண்டும் என்கிறாள். கதையே அந்தத் தாளில்தான் இருந்தது.

டிராயிங் தாள் கிடைப்பதே பாடு என்பதால் இரண்டு பக்கமும் எழுதுவோம். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பொன்னழகு ஒரு புதுக் கோலம் வரைந்து கொடுத்தாள். விரலெல்லாம் ஊசி குத்த நானே தைத்து, கஞ்சிப்பசை தடவி அட்டை ஒட்டி, தெருவுக்குள் அனுப்பிவைத்தேன்.

ஒரு காலையில் பார்த்தால், அடுத்த வீட்டு ராமுத்தாய் அக்கா வாசலில் அதே கோலம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க கோலமாக்கா?"

"ஆமா தாயி. பாத்துப் போடத் தோதா இருக்கட்டுமுன்னு தாளைக் கிழிச்சு எடுத்துக்கிட்டேன். நல்லா வந்திருக்கா?"

"கிழிச்சீங்களா? தாள் எங்கக்கா?"

"பனியில நனைஞ்சு போச்சு. வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

"அதுக்குப் பின்னாடி என் கதை இருந்துச்சுக்கா!"

"முன்னாடியே அம்புட்டுக் கதை இருந்துச்சே, அது பத்தாதாக்கும்?"

மார்கழியில் புதுக் கோலத்தைக் கண்டால் எங்கள் தெருப் பெண்கள் இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுவார்கள். அது தெரிந்திருந்தும் கோலத்தை அந்தத் தாளில் போட வைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மிச்சப் பத்திரிகை எங்கே என்று கேட்டேன். நேற்றே அப்பாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். 'பெண்ணென்றால் வசந்தாவைப் போல அடக்கம் வேண்டும்' என்று அபிப்பிராயமே எழுதியாயிற்று.

"ஒம் மனசு எனக்குப் புரிஞ்சு போச்சு ஆத்தா. தை பிறக்கவும் பொண்ணு பாக்க வரச் சொல்லி, மண்டி ஆள் பொம்மையன வெள்ளன பஸ்ஸுக்கே எரியோட்டுக்கு அனுப்பிட்டேன்."

"கதை அதோட முடியலப்பா! ஒரு தாளைக் கிழிச்சுட்டாக. வசந்தா கல்யாணம் வேணாம்னு சொல்றா."

"வசந்தா கெடக்கா. நீ என்ன சொல்ற?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எரிச்சலும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன.

"எனக்குக் கல்யாணம் வேணாம்! ட்ரெயினிங்குல சேத்து விடுங்க!" என்று கத்தினேன். ராமுத்தாய் அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

அப்பா பத்திரிகையை மூடிக் கீழே வைத்தார்.

"இத வாயால சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளா?"

"சொல்ல வந்தா நீங்க எங்க கேட்டீக?"

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். அம்மா, "சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

"வாக்குக் குடுத்தவன் நான். பொம்மையனா போயித் திரும்ப வாங்க முடியும்?" என்று செருப்பைத் தேடினார்.