கடைசியாக நன்றாக இருந்த நேரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவன் நான். கேட்டவர் செங்கல்பட்டில் ஒரு மருத்துவர். என் மனைவி ரிஃபானா அப்போது ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். இருபத்தேழு வயது.

ஏழு மாதமாக எழுதிப் பார்க்கிறேன். முதல் வரி நிற்கவில்லை.

புதுப்பட்டினத்தில் அன்று காலை கடல் அமைதியாக—

(நான் கடலைப் பார்க்கவே இல்லை. அடித்துவிட்டேன்.)

மூளைக்கு நான்கு குழாய்கள் வழியாக இரத்தம் போகிறது.

(இது உண்மை. இருக்கட்டும்.)

2

முன்கழுத்தில் இரண்டு. பின்கழுத்தில், எலும்பை ஒட்டி, இரண்டு. மூளையின் அடியில் எல்லாம் ஒரு வளையமாகச் சேர்கின்றன. ஒன்று அடைத்தால் இன்னொன்று ஈடுகொடுக்கலாம். பலருக்கு அந்த வளையம் முழுமையாக இருப்பதில்லை. அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

முன்குழாய் அடைத்தால் வாய் கோணும், கை விழும். பார்க்கிற எவருக்கும் பக்கவாதம் என்று புரியும். பின்குழாய் அடைத்தால் தலை சுற்றும், வாந்தி வரும், நடை ஒரு பக்கம் சாயும். கல்யாணமாகிப் பதினோரு மாதமான பெண்ணுக்கு இவை வந்தால் எங்கள் வீடுகளில் யாருக்கும் மூளை ஞாபகம் வராது.

3

காலை ஆறே முக்கால்.

"வூடே சுத்துதுங்க. கப்பல்ல கீற மாரி கீது."

"நேத்து பிரியாணிய ரெண்டு தபா போட்டுத் துன்னது யாரு?"

"உங்க தட்டுலேர்ந்து எடுத்தது சேர்த்தி இல்ல."

சிரித்தாள். பிறகு வாந்தி எடுத்தாள். குளியலறையிலிருந்து வரும்போது இடப்பக்கச் சுவரில் இடித்துக்கொண்டே வந்தாள்.

கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டேன். அவளுடைய அம்மா சம்சாத் பேகம் எடுத்தார்.

"மாமி, ரிஃபானா வாந்தி எடுத்துகினே கீறா."

"தலையும் சுத்துதா?"

"ஆமா."

"மாஷா அல்லாஹ். இன்னா மாப்ள, இவ்ளோ படிச்சும் இதுகூட வெளங்கலயா? படுக்க வைங்க. வண்டி கிண்டில ஏத்தாதீங்க. மதியத்துக்குள்ள நான் வரேன்."

பின்னாலிருந்து அவள் தம்பி உவைஸின் குரல்: "மச்சான், பையன்னா என் பேருதான். இப்பவே சொல்லிட்டேன்."

(இந்த இடத்தில் கணவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. மருந்துக்கடைக்குப் போய்க் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கி வந்தேன். ஒரு கோடு விழுந்தது. இரண்டாவது கோட்டுக்காக இருவரும் காத்திருந்தோம்.)

4

பதினோரு மணிக்குப் பேச்சு குழறியது. செங்கல்பட்டு போய்ச் சேரும்போது பன்னிரண்டு. ஸ்கேன் எடுத்தார்கள்.

"பின்பக்க ரத்தக்குழாய்ல அடைப்பு," என்றார் மருத்துவர். "கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். லேட்டானா மூளைக்குள்ள ரத்தம் கசியற அபாயம் ஜாஸ்தி. கடைசியா எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்க?"

ஐந்தரை மணி நேரம் தாண்டியிருந்தது.

"ஒம்பதரை," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். என்கூட உக்காந்து நாஸ்தா சாப்ட்டா."

ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கு இரத்தம் கசிந்தது. மறுநாள் பிற்பகல், அஸர் தொழுகைக்கு முன்னால் இறந்துபோனாள்.

(அடிக்குறிப்பு: நேரத்துக்குள் போட்டாலும் சிலருக்குக் கசிகிறது. ஊசியே போடாமல் அந்த அடைப்பிலேயே பலர் இறக்கிறார்கள். இதைப் பலமுறை படித்திருக்கிறேன். உதவவில்லை.)

5

அந்த நாஸ்தாவை யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்படியே இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிக்குப் போனேன். மாமி பாதியாகியிருந்தார். உவைஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினான்.

"ரெண்டு வாய் துன்னும்மா. மச்சான், நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா டிவி சவுண்டுன்னு நெனச்சுக்குது."

மாமி என்னைப் பார்த்தார்.

"படுக்க வைங்கன்னு சொன்ன வாய் மாப்ள இது. இதுல எப்டி சோறு எறங்கும்? நான்தான என் புள்ளைய கொன்னேன்?"

வீடு திரும்பி மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) 'இல்லை மாமி, விதி' என்கிறேன். அவர் நம்பவில்லை. தட்டு அப்படியே இருக்கிறது.

ஆ) ஒன்பதரையைச் சொல்கிறேன். உவைஸ் எழுந்து

இ)

உண்மையில் நடந்தது: தண்ணீர் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

6

நான் எழுதுவதையெல்லாம் உவைஸ் படிப்பான். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவான். அதற்காகப் பெயர்களை மாற்றினேன். ஊரை மாற்றினேன். மாற்றிய கதையில், பழி தன்மேல் இல்லை என்று தெரியாமலே மாமி தொடர்ந்து பட்டினி கிடந்தார். எல்லாவற்றையும் திரும்ப உண்மையாக்கிவிட்டேன்.

நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், அவனும் நான்காம் பகுதியைத் தாண்டியிருப்பான். மிச்சத்தை அவன் அம்மாவுக்கு வாசித்தானா, பத்திரிகையை மூடிவிட்டு இங்கே கிளம்பினானா என்பதை நான் எழுத முடியாது. அது அவனுடைய பகுதி. உங்களுக்கு ஒன்று தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன்.