ரத்தக்காட்டேரி ராணி மொக்கம்மாள்

“ஏத்தா, என்னையவா சுவத்துக்குள்ள வச்சுப் பூசப் போற?”

‘மொக்கம்மாளச் சுவர் வச்சு அடைச்சிர வேண்டியதுதான்’ என்று மருமகள் முணுமுணுத்தது காதில் விழ, பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த மொக்கம்மாள் முறத்தோடு எழுந்து வந்து, மருமகளின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள்.

“உங்கள இல்லத்த. விளையாட்டுல இருக்கிற ராணிய.”

“ராணிக்கு என்ன பேரு போட்டிருக்க?”

“மொக்கம்மாள்னுதான்.”

மருமகள் யுவராணி அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் மலையடிவாரத்தில் ஓர் ஊர் கட்டி நடத்திவந்தாள். குடிவந்தவர்களுக்கெல்லாம் வீட்டு ஆட்களின் பெயர். மாமியார் ராணி, கணவன் சுரேஷ்கண்ணன் தச்சன், தானே சமையல்காரி. ராணி ஒரு ரத்தக்காட்டேரி என்பது நேற்றுத்தான் தெரிந்தது. தூங்கப்போன இரண்டு பேர் ரத்தமில்லாமல் செத்துக் கிடந்தார்கள்.

“ராணிக்கு அடுத்த அறையில படுத்திருக்கது தச்சன், உங்க மகன். இனிப் பசிச்சா அவரத்தான் கடிக்கும்.”

“எம் மகன நானே கடிப்பேனா?”

“அதுக்கு மகன்னெல்லாம் தெரியாதுத்த.”

“படத்துல பூண்டக் காட்டுனா ஓடுமே. பூண்டுச் சந்தை நடக்குற வடுகபட்டியில இருந்துக்கிட்டுப் பூண்டுக்கா பஞ்சம்?”

“நேத்தே அறையச் சுத்திப் பூண்டு போட்டு விளைய வச்சுட்டேன். அதுபாட்டுக்கு மிதிச்சுக்கிட்டு நடக்குது.”

“பின்ன? எம் பேர வச்சுக்கிட்டு பூண்டுக்குப் பயப்படுவாளாக்கும்.”

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. “அதான் சுவர் வைக்கிறேன். உள்ள ஒரு மேசை, நாற்காலி. அங்கன இருந்தே ஊர்க் காரியத்தப் பாக்கட்டும். சோறு வேணாம், தண்ணி வேணாம், சாகாது.”

“சாகாதுன்னா, பசிக்காதா?”

மவுஸில் இருந்த கை நின்றது.

“பசிக்கும். பசிச்சுக்கிட்டேதான் இருக்கும்.”

மொக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “கொன்னுகூடப் போடு. பசியோட அடைச்சுப் போடாத.”

“கொல்ல மனசு வரலத்த. கொள்ளைக்காரங்க வந்தப்ப தனியா நின்னு விரட்டுனது அதுதான்.”

“அப்பச் சோத்தப் போடு.”

“அதுக்குச் சோறு ரத்தந்தான் அத்த.”

“தெரியுது. ஒருத்தங்கிட்டயே மொத்தமா உறிஞ்சுனா அவன் சாவான். வாய்க்கால் தண்ணிய எப்படி விடுறோம்? ஆளுக்கு ஒரு முறை. அந்த மாதிரி வாங்கிக் குடுக்க அதுல வழியில்லையா?”

வழி இருந்தது. காயம்பட்டவர்களுக்கு ஏற்றுவதற்காக ரத்தம் எடுத்துப் பையில் வைக்கும் மருத்துவமனையை யுவராணி எப்போதோ கட்டியிருந்தாள். அந்தப் பையை ராணிக்கும் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“மொத முறை உம் புருசனுக்கு வையி. தடியாத்தான இருக்கான்.”

“அவரு சாரத்துல ஏறி வேலை பாக்குறாரு, மயங்கி விழுந்துருவாரு. நானே குடுக்கிறேன்.”

திரையில் சமையல்காரி போய்க் கட்டிலில் படுத்தாள். பை நிறைந்தது. ஒருவன் அதை ராணியின் அறைக்கு எடுத்துப் போனான். ராணி குடித்தாள். பிறகு எழுந்து தச்சனின் அறைப் பக்கம் நடந்தாள்.

மாமியாரும் மருமகளும் திரைப் பக்கம் குனிந்தார்கள்.

ராணி அந்தக் கதவைத் தாண்டிப் போய், மேசை முன்னால் உட்கார்ந்தாள். தச்சன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“போயிட்டாளா?”

“போயிட்டாக.”

சமையல்காரி மட்டும் வெளிறிப்போய்க் கட்டிலில் கிடந்தாள். மொக்கம்மாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

“எங்கன போறீக?”

“முருங்கக்கீரை ஒடிக்க. நீ ரத்தம் குடுத்திருக்கேல்ல.”