வளையாத கை

என் அக்கா மழலையர் பள்ளி டீச்சர். வாயைத் திறந்தால் பழமொழிதான். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் மகளைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். அதனால் வாய்விட்டுச் சண்டை போடவும் வழியில்லை. மகள் இடது கையில் பென்சிலைப் பிடித்தால் போதும், "பீச்சாங்கை!" என்று ஒரு தட்டு. நான் முறைத்தால், "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாடி?" என்பாள்.

கொஞ்ச நாளாகக் குழந்தை வரைவதையே விட்டுவிட்டாள். சுவரெல்லாம் கிறுக்கித் தள்ளியவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சுவர் சுத்தமாக இருக்கிறது, எனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடலோரக் குகைகளில் ஆதி மனிதர்கள் தீட்டிய ஓவியங்களைப் படியெடுப்பது என் வேலை. விடுமுறையில் இருவரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே சுவர் முழுக்கக் கைகள். பாறையில் கையை வைத்து, சுற்றிலும் காவிச் சாயத்தை ஊதியிருக்கிறார்கள்.

"எல்லாம் இடது கையா இருக்கே! அத்தனை பேரும் பீச்சாங்கையா?" அக்கா பதறினாள்.

"இல்லக்கா. ஊதுற குழலை வலது கையில புடிச்சா, பாறையில வைக்க இடது கைதானே மிச்சம்?"

அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அந்தக் காலத்துலயே புள்ளைங்கள எவ்வளவு ஒழுங்கா வளத்திருக்காங்க!"

அடக் கடவுளே, இதற்கா கூட்டி வந்தேன்?

"இது மட்டும் மாறி இருக்கு," என்றாள் மகள். மூலையில், தாழ்வாக, ஒரு சின்ன வலது கை. பாறையில் படாமல் தன் வலது கையை அதற்கு நேராகப் பிடித்தாள். இல்லாத குழலை இடது கையால் வாயில் வைத்து "ஃபூ!" என்று ஊதினாள். இரண்டு கையும் அளவு கச்சிதமாக இருந்தது.

அக்கா குனிந்து அந்தச் சின்னக் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்தக் கையை வச்சவளை அவ அம்மா திட்டலையா?"

"திட்டியிருப்பா. அதான் மூலையில ஒளிஞ்சு போட்டிருக்கா. ஆயிரக்கணக்கான வருஷமா வளையலக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே மணலில் உட்கார்ந்ததும் கைப்பையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள். மகள் பயந்து பயந்து வலது கையை நீட்டினாள். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"அந்தக் கை வேணாம்டி தங்கம். உன் கையைக் கொடு."

மறுநாள் மதியம் அக்காவிடமிருந்து போன். "என் வீட்டுச் சுவரை வந்து பாருடி!"

"எந்தக் கையால கிறுக்கினா?"

"ரெண்டு கையாலயும்டி!"