பாதி மேட்டில்

கரையேற்றும்போது சரிந்த படகு எழிலரசனின் இடுப்பை நசுக்கிவிட்டது. கனகசெட்டிக்குளத்து மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மணலில் அது இறங்காது. கரையில் இருந்தது, ரிசார்ட்டுக்காக அவன் ஓட்டும், மணலில் போகக்கூடிய ஃபோர்வீல் டிரைவ் வண்டி ஒன்றுதான். அதை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் அவன் மனைவி சிந்துஜா.

மணலில் புதையாமல் இருக்க டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு அவள் ஏறினாள். பின்சீட்டில், மாமியார் அங்கம்மாளின் மடியில் அவன் தலை.

"லோ கியர்ல போடு சிந்து. ஆட்டோமேட்டிக்க அதும்போக்குல வுட்டா நடுவுல கியர மாத்திடும், வண்டி நின்னுபோவும். பாதி மேட்டுல கால எடுக்காத. வுட்டு வுட்டு மிதிக்க இது உன் தையல் மிஷின் இல்ல."

வலியிலும் கிண்டல் போகவில்லை.

வண்டி சீறிக்கொண்டு ஏறியது. பாதியில் ஒரு குலுக்கல். அவன் அலறினான்.

"ஐயோ, மெதுவா போடி! புள்ளைக்கு வலிக்குது!" என்றாள் அங்கம்மாள்.

சிந்துஜாவின் கால் தானாகத் தளர்ந்தது. அவ்வளவுதான், சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு புதைந்தன. படகுக்காரர்கள் ஓடிவந்து மணலை அள்ளி, வண்டியைக் கீழே இறக்குவதற்குள் அவன் உதடு வெளுத்துவிட்டது.

"பொறுத்துக்க மாமா."

இந்த முறை அவன் அலறியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அத்தை கத்தியதையும் காதில் வாங்கவில்லை. நடுவில் அலறல் நின்றது. வலி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சியில் சாலையும் ஆம்புலன்ஸும் தெரிந்தன.

"ஏறிட்டேன் மாமா! கால எடுக்கவே இல்ல, பாத்தியா?"

அங்கம்மாள் மகனின் கண்களை மூடிவிட்டு, மருமகளின் தோளில் கை வைத்தாள்.

"இனிமே மெதுவாவே போம்மா."