நாலு அங்குலம்

“ஏம்மா, உன் பொண்ணு யாரைக் கொண்டு இப்படி வளர்றா?” என்று நாத்தனார் ஒருமுறை அவளைக் கேட்டாள்.

வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த நேரம். மகளுக்குப் பதிமூன்று வயது. அப்பாவின் உச்சந்தலையைத் தாண்டி அவள் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. “எங்க வீட்ல நாற்காலி போட்டு ஏறினாத்தான் பரண்ல கை எட்டும். இவ நின்ன எடத்துலேருந்தே எடுக்கறாளே!” என்று நாத்தனார் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார்.

“எங்க அம்மாவோட அண்ணன் நல்ல உயரம், அண்ணி,” என்று அவள் சொன்னாள். உண்மைதான். ஆனால் அந்த மாமா செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. காட்டுவதற்கு ஒரு போட்டோகூட இல்லை.

கணவர் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். அன்றிலிருந்து மகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அவர் லேத் வேலைக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து அதற்குள் நிறுத்தினார். அவரைவிட வயசான வண்டி. உருண்டை மூஞ்சி, எஞ்சின் கிடையாது, கால் வைக்கிற தகடு சல்லடையாகப் போயிருந்தது. மகள் அப்போதுதான் வெல்டிங் கற்றுக்கொண்டு, கேட் செய்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தாள்.

“கூட நின்னு வேலை செய். முடிஞ்சா வண்டி உனக்குத்தான்,” என்றார்.

மகள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெல்டிங் செட்டை ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி இருந்தால் காண்ட்ராக்டரின் வேனுக்காக வாசலில் தவம் கிடக்க வேண்டாம். சொந்தமாக வேலை பிடிக்கலாம். ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் அந்தக் கொட்டகைக்குள்ளேயே கழித்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், “வண்டி முடியட்டும்மா,” என்பாள்.

கூரையை நாலு அங்குலம் இறக்க வேண்டும் என்பது கணவரின் யோசனை. இப்படிப்பட்ட வண்டிகளைக் கட்டுகிறவர்கள் செய்கிற காரியம்தான். தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்தினால் வண்டி பதுங்கின மாதிரி இருக்கும். வண்டிக்குள் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, தன் தலைமேல் ஒரு முஷ்டியை வைத்துக் காட்டினார். “இதுக்கு மேல எடம் எதுக்கு? டேப்பைப் பிடி.”

அம்மா டேப்பைப் பிடித்தாள். “அவ ஒக்காந்தா இடிக்காதாங்க?”

மகள்தான் வண்டிக்கு அடியிலிருந்து பதில் சொன்னாள். “சீட்டைத் தரையோட போட்டுட்டா சரியாப் போயிடும்மா. நான் காலை நீட்டிக்கறேன்.”

“ஆமா, தரையோட போட்டுடலாம்,” என்றார் அவர்.

அறுத்து இறக்கியபோது கூரை பொருந்தவில்லை. முன் கண்ணாடித் தூண்கள் பின்பக்கமாகச் சாய்ந்தவை. கீழே இறக்க இறக்க, கூரை நீளம் பற்றாமல் போய்விட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மகள் இரண்டு நாள் யோசித்தாள். கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் ஒரு துண்டுத் தகடு கொடுத்து, சூட்டில் நெளியாமல் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து ஒட்டினாள். பிறகு வந்த பெயிண்டர் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “ஒட்டு எங்க இருக்குன்னே தெரியலை! அப்பனையே தூக்கிச் சாப்பிட்டுட்டாளே,” என்றார்.

கணவர் சிரித்தார். அன்று விருந்தாளிகள் நடுவில் சிரித்த அதே சிரிப்பு என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

கடைசியில் சீட்டு வேலை மட்டும் பாக்கி இருந்தபோது மகளுக்கு வெளியூரில் ஆறு வாரம் வேலை வந்தது. அவள் போன இரண்டாம் வாரம், சீட்டு உறைக்கு அளவெடுக்கக் கொட்டகைக்குப் போனாள் அம்மா. சீட்டு வர வேண்டிய இடத்தில், புதிதாகத் தகடு மடித்துச் செய்த பெட்ரோல் டேங்க் இருந்தது.

“என்னங்க, டேங்க் இங்க இருந்தா சீட்டு எப்படித் தரையோட வரும்?”

“வராது.”

“அவளுக்குத் தலை...”

“இடிக்கும்.” அவர் அரம் போடுவதை நிறுத்தவில்லை.

“அஞ்சு வருஷம் உழைச்சிருக்காளேங்க.”

“இல்லேன்னு யார் சொன்னா? வேணும்னா போன் போட்டுச் சொல்லு. ஏம்ப்பா இப்படிப் பண்ணேன்னு கேப்பா. கேக்கட்டும். பத்து வருஷமா உன்கிட்ட கேக்காததை அவகிட்டயே கேட்டுடறேன்.”

அவள் அன்று மாலைவரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். இரண்டு தடவை மகளே கூப்பிட்டாள். “சீட்டுக்கு என்ன கலர் துணிம்மா?” என்று கேட்டாள். பழுப்பு என்று அம்மா சொன்னாள். டேங்கைப் பற்றிச் சொல்லவில்லை. மகளுக்குத் தலை இடித்தால் இடிக்கட்டும், ‘நீ யார் பொண்ணு’ என்ற அந்தக் கேள்வி மட்டும் அவள் காதில் விழக் கூடாது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

அவளால் முடிந்தது ஒன்றுதான். சீட்டுக்கு வைத்த ஸ்பாஞ்சில் இரண்டு விரல் கனத்தை யாருக்கும் தெரியாமல் சீவி எடுத்துவிட்டுத் தைத்தாள். கணவர் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தார். மறுநாள் காலை அவள் தையல் மிஷின்மேல் முன்னதைவிடக் கனமான புது ஸ்பாஞ்ச் இருந்தது.

“மெத்துன்னு இருக்கட்டும்,” என்றார், மிகவும் அன்பாக.

பிரித்து மறுபடி தைத்தாள். கோணலாகத் தைக்கக்கூட அவள் கைக்குத் தெரியவில்லை.

மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோள் பையோடு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். நாத்தனாரும் பெயிண்டரும் ஏற்கனவே வந்திருந்தார்கள். வண்டி கரும்பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. மகள் வாயில் கை வைத்துக்கொண்டு அதை இரண்டு சுற்று சுற்றி வந்தாள்.

நாத்தனார்தான் முதலில் ஏறிப் பார்த்தாள். “எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குடா தம்பி!”

“இறங்குக்கா, வண்டிக்காரி ஏறட்டும்,” என்றார் கணவர்.

மகள் சீட்டைத் தடவினாள். “அம்மா, நீ தச்சதுதானே? தையலைப் பார்த்தாலே தெரியுது.” ஏறி உட்கார்ந்தாள். தலை இடித்தது. சிரித்துக்கொண்டே இடுப்பை முன்னுக்கு நகர்த்தினாள். முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. பின்னுக்குத் தள்ளி, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்தாள். காது கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது, அவளே ஒட்டின கூரையில்.

“ஒட்டகத்தைக் குடத்துக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கே!” என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயிண்டர் மட்டும் தரையைப் பார்த்தார்.

மகள் கையைச் சீட்டுக்கு அடியில் விட்டுத் துழாவினாள். விரல் முட்டியால் தட்டினாள். காலி டேங்க் டொங்கென்றது.

“அடடா,” என்று உச்சுக்கொட்டினார் கணவர். “எங்க ஆளுங்களுக்குக் கணக்காப் போச்சு, உனக்குத்தான் பத்தலை. சரி விடு, நானே வச்சுக்கறேன்.”

மகள் அவரைப் பார்க்கவில்லை. சீட்டின் ஓரத்தில் விரலை வைத்து, ஸ்பாஞ்சின் கனத்தை மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினாள். அது முடிகிற இடம்வரை தடவிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்...” என்று ஆரம்பித்தாள் அம்மா.

மட்கார்டில் சாய்ந்திருந்த கணவர் அவள் பக்கம் திரும்பினார். அடுத்த சொல்லுக்காகப் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மகள் குனிந்தபடியே, பையின் கொக்கி பெயிண்டில் உரசிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தி, பூட்டு விழுகிறவரை அழுத்தினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, வந்த வழியே தெருவுக்குப் போனாள்.